நூற்று இருபத்திரண்டாவது ரன்

ஆல்டன் க்ருபிச்கா செய்த வேலை இரண்டுமே எதிரே நிற்பவனுக்குப் பிடிக்காத வேலை. பனிக்காலத்தில் வோல்காட் ஊர் சர்க்கரை ஆலையில் எடைமேடைக்காரர். லாரியில் பீட் கிழங்கு ஏற்றிக்கொண்டு வரும் விவசாயி ஒவ்வொருவனும் அவர் சொல்லும் எடையைக் கேட்டு முகம் சுளிப்பான். கோடையில் ஆற்றங்கரை லீகில் பேஸ்பால் அம்பயர். அங்கே சுளிப்பதோடு விடமாட்டார்கள், வாயிலும் வரும்.

நெப்ராஸ்காவின் எட்டுச் சிற்றூர்கள் சேர்ந்த லீக் அது. தொழில்முறை ஆட்டத்தின் ஏணியில் கடைசிப் படி. அதில் ஆடிய பையன்கள் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டே ஆடினார்கள். அம்பயர்கள் மட்டும் எங்கும் பார்க்காமல் ஊர் ஊராகப் போய் வந்தார்கள்.

ஆட்டக்காரர்கள் தங்கும் விடுதியில் அம்பயர் தங்கக்கூடாது. அவர்கள் சாப்பிடும் இடத்தில் சாப்பிடக்கூடாது. வழியில் பார்த்தால் தலையசைக்கலாம், நின்று பேசக்கூடாது. இதெல்லாம் லீகின் விதி. க்ருபிச்கா விதியை விடவும் ஒரு படி மேலே போய் நடந்தார். மைதானத்துப் பின்வாசல் வழியாக உள்ளே போவார். புல்வெட்டும் எந்திரமும் சுண்ணாம்பு மூட்டைகளும் கிடக்கிற கொட்டகையில் உடை மாற்றுவார். ஆட்டம் முடிந்ததும் அதே கொட்டகையில் கழற்றிவிட்டு, கூட்டம் கலைகிறவரை சுண்ணாம்பு மூட்டை மேல் உட்கார்ந்திருப்பார். அப்புறம் காரை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர்.

மனைவி இர்மா நாலு கோடை பொறுத்துப் பார்த்தாள். சண்டையெல்லாம் போடவில்லை. ஒரு செப்டம்பரில் அவர் வீடு திரும்பியபோது, அலமாரியில் அவளுடைய பாதி காலியாக இருந்தது. மேசை மேல் ஒரு சீட்டு: “லிங்கனில் தங்கச்சி வீட்டில் இருக்கிறேன். கோழிகளைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.” அவர் இரண்டு முறை லிங்கனுக்குப் போனார். இரண்டு முறையும் அவள் காபி போட்டுக் கொடுத்தாள். மூன்றாம் முறை போகவில்லை.

1954 கோடையில் அவரோடு சேர்ந்து ஊர் சுற்றிய இளைய அம்பயர் ஃபென்ஸ்கி ஜூலை மாதமே கழன்றுகொண்டான். “ஆல்டன், நேத்து கடையில ரொட்டி வாங்கப் போனேன். ஒரு கிழவி என்னைப் பாத்து, ‘கண்ணு தெரியாதவனுக்கு எதுக்குடா ரொட்டி’ன்னு கேக்குறா. எனக்கு இது வேணாம்” என்று சொல்லிவிட்டுத் தன் மாமனாரின் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தந்த ஊரில் கிடைத்த யாரையாவது பேஸ்களைப் பார்க்க நிறுத்தி வைத்தார்கள். காரில் க்ருபிச்கா தனியாகத்தான் போனார். சில நாட்களில் “ஸ்ட்ரைக்”, “பால்”, “அவுட்” என்ற மூன்று வார்த்தைகளைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு எதுவும் வந்திருக்காது.

அந்த வருடம்தான் ரன் போட்டி.

மட்டை பிடித்தவன் மைதானத்து மூலைகளில் இருக்கும் மூன்று பேஸ்களையும் சுற்றி வந்து, கிளம்பிய இடத்திலிருக்கும் வெள்ளை பிளேட்டைத் தொட்டால் ஒரு ரன். அந்த இடத்துக்கு ஆட்டத்தில் ‘வீடு’ என்று பேர். யார் அடித்த அடியில் அவன் வந்தான் என்பது வேறு. வந்து தொட்டவன் பேரில்தான் ரன் ஏறும். வழக்கமாக இந்தப் பட்டியலை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. தூர அடிக்கிறவனுக்குத்தான் கைதட்டல். ஆனால் அந்தக் கோடையில் இரண்டு பேர் விடாமல் ஓடி ஓடி வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் செய்தித்தாளில் இருவர் பெயரும் மேலும் கீழுமாக மாறி வந்தது. கோர்லிஸ் அணியின் வெஸ் டாலிவர், ஹாட்லி அணியின் எமரி கெயின்ஸ்.

டாலிவர் கோர்லிஸிலேயே பிறந்தவன். அவன் தெருவில் நடந்தால் முடிதிருத்துபவர் கடையை விட்டு வெளியே வந்து கைகுலுக்குவார். கெயின்ஸ் ஒமாஹாவிலிருந்து வந்தவன், இருபத்தாறு வயது, இரண்டாம் பேஸ் ஆட்டக்காரன். ஹாட்லி அணியில் அவன் ஒருவன்தான் கறுப்பன். லீக் முழுவதிலும் அப்படி மூன்று பேர். அணி தங்கும் விடுதியில் அவனுக்கு இடமில்லை என்றார்கள். ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கும் ஒரு குடும்பத்தின் வீட்டில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், தங்கியிருந்தான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் மாலை. கெர்னி சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஹாட்லி அணியின் பஸ் வாசலில் நின்றது. உள்ளே பையன்களின் சத்தம். க்ருபிச்கா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல், கடையின் பக்கவாட்டில் காரை நிறுத்திக் காகிதத்தில் சுற்றிவைத்திருந்த ரொட்டியைப் பிரித்தார். நிமிர்ந்தால் பஸ்சின் கடைசி ஜன்னலில் கெயின்ஸ். அவன் மடியிலும் ஒரு காகிதப் பொட்டலம். அந்தக் கடையில் அவனுக்கு உள்ளே இடமில்லை. இருவருக்கும் நடுவே இருபதடி தூரம்.

“சாயங்கால வணக்கம், அம்பயர் சார்” என்றான் கெயின்ஸ்.

க்ருபிச்கா தலையசைத்தார்.

“உள்ள போகலையா?”

“விதி.”

“எனக்கும்தான்” என்றான் அவன், ரொட்டியைக் கடித்துக்கொண்டே.

அந்த சீசன் முழுவதும் இருவரும் பேசியது அவ்வளவுதான். க்ருபிச்கா அந்த ஒரு வார்த்தைப் பேச்சைப் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று பட்டது. என்ன சொல்லியிருக்கலாம் என்றுதான் தெரியவில்லை.

கடைசி ஆட்டம் செப்டம்பர் முதல் வாரத்தில், கோர்லிஸில், ஹாட்லியோடு. இரு அணிகளுக்கும் அதில் ஜெயித்தாலும் ஒன்றுதான், தோற்றாலும் ஒன்றுதான். கோர்லிஸ் நடுவில் இருந்தது, ஹாட்லி கடைசியில். ஆனால் மைதானம் நிரம்பியிருந்தது. இருவர் பேரிலும் நூற்று இருபது. அதோடு, மேல் லீகிலிருந்து ஒரு ஆள் வந்து மூன்றாவது வரிசையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். ஒருவனை மேலே எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று ஊரே பேசியது.

ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது சுற்று. முதல் சுற்றில் டாலிவர் வந்து சேர்ந்தான். நூற்று இருபத்தொன்று. மூன்றாவது சுற்றில் கெயின்ஸ் வந்து சேர்ந்தான். நூற்று இருபத்தொன்று. டாலிவர் வந்தபோது காரின் ஹாரன்களெல்லாம் அலறின. கெயின்ஸ் வந்தபோது, வலைக்குப் பின்னால் நின்றிருந்த பத்துப் பதினைந்து ரயில்வேக்காரர்கள் கைதட்டினார்கள்.

ஆறாவது சுற்றில் டாலிவர் இரண்டாம் பேஸில் நின்றான். அடுத்தவன் வலது பக்கம் அடித்தான். டாலிவர் மூன்றாம் பேஸைச் சுற்றி வீட்டை நோக்கி விழுந்தடித்து ஓடி வந்தான். பந்தும் வந்தது. பிளேட்டுக்குப் பின்னால் காவல் நிற்கும் ஹாட்லி கேட்சர் எட்டிப் பிடிக்கப் பார்த்தான். கையுறையில் பட்டுத் தெறித்துப் பந்து பின்னால் உருண்டது. டாலிவர் சறுக்கிக்கொண்டு பிளேட்டின் வெளிப்பக்கமாகப் போனான். புழுதி எழுந்தது.

க்ருபிச்கா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். டாலிவரின் காலணிக்கும் பிளேட்டின் விளிம்புக்கும் நடுவே மூன்று விரல் அகலத்துக்கு மண் தெரிந்தது. கை எங்கேயும் படவில்லை. அவன் தொடவில்லை.

டாலிவர் எழுந்தான். கூட்டம் எழுந்தது. அவன் சிரித்துக்கொண்டே தன் அணியின் பெஞ்சுக்கு ஓடினான். அங்கே ஆளாளுக்கு அவன் முதுகில் அறைந்தார்கள்.

இந்த இடத்தில் அம்பயர் என்ன செய்யவேண்டும் என்று விதி இருக்கிறது. ஒன்றும் செய்யக்கூடாது. தொட்டான் என்று கையை விரிக்கக்கூடாது, தொடவில்லை என்று சொல்லவும் கூடாது. எதிரணியில் யாராவது பந்தோடு வந்து பிளேட்டை மிதித்து, “அவன் தொடலை” என்று கேட்டால் மட்டும் அவுட் கொடுக்கலாம். யாரும் கேட்காமல் அடுத்த பந்து வீசப்பட்டுவிட்டால் அந்த ரன் ரன்தான். பிறகு யார் வந்தாலும் மாற்ற முடியாது.

க்ருபிச்கா கைகளைத் தொடையோடு வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

கேட்சர் பந்தைப் பொறுக்கி, வீசுகிறவனான பிட்சருக்கு எறிந்தான். அவன் எதையும் கவனிக்கவில்லை. பிட்சர் ராய் ஸ்டெண்டர் தரையைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தான். மைதானத்தில் ஒருவன்தான் அம்பயரின் கைகளைப் பார்த்தான். கெயின்ஸ் இரண்டாம் பேஸிலிருந்து நடந்து வந்தான், முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக.

“ராய், பந்தைக் கேட்சர்கிட்ட போடு. பிளேட்டை மிதிக்கச் சொல்லு. அவன் தொடலை.”

ஸ்டெண்டர் அந்த சீசன் முழுவதும் கெயின்ஸோடு பேசியது கிடையாது. அப்போதும் அவனைப் பார்க்காமலே சொன்னான். “உன் இடத்துக்குப் போ.”

“அம்பயர் கையை விரிக்கலை. நீயே பாரு. சும்மா ஒரு தடவை எறி, அவ்வளவுதான்.”

“ஏழு ரன் பின்னால கிடக்கோம். உனக்கு உன் பேப்பர்ல பேர் வரணும். போடா உன் இடத்துக்கு.”

க்ருபிச்காவுக்கு எல்லாம் காதில் விழுந்தது. அவர் பையிலிருந்து சிறு துடைப்பத்தை எடுத்தார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து பிளேட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அம்பயர் துடைக்கிற நேரம் ஆட்டம் நிற்கும். விதிக்குள் நின்றுகொண்டு அவரால் கொடுக்க முடிந்தது அதுதான், கொஞ்சம் நேரம்.

நாலு ஓரத்தையும் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

கெயின்ஸ் கேட்சரைப் பார்த்துக் கத்தினான். “டட்டன்! பந்தைக் கேளு அவன்கிட்ட!” கேட்சர் ஸ்டெண்டரைப் பார்த்தான், பெஞ்சைப் பார்த்தான், என்ன செய்வதென்று தெரியாமல் முகமூடியைச் சரிசெய்தான். பெஞ்சிலிருந்து ஹாட்லியின் மேலாளர் கையை ஆட்டினார். “என்னய்யா அங்க கூட்டம்? சீக்கிரம் முடிங்க, எல்லாரும் ஊரு போய்ச் சேரணும்!” கோர்லிஸ் பெஞ்சிலிருந்து ஒருவன், “அம்பயரே, அதுல போட்டுச் சாப்பிடப் போறீங்களா?” என்றான். கூட்டம் சிரித்தது.

க்ருபிச்கா நிமிர்ந்தார். கெயின்ஸ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு நொடி, இரண்டு நொடி. முகமூடியின் வார் அறுந்துவிட்டது என்று சொல்லி இன்னும் ஒரு நிமிடம் இழுத்திருக்கலாம். தண்ணீர் வேண்டும் என்றிருக்கலாம். கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. அவர் முகமூடியை மாட்டிக்கொண்டார்.

“ஆடுங்க” என்றார்.

ஸ்டெண்டர் பந்தை வீசினான். நூற்று இருபத்திரண்டு.

ஒன்பதாவது சுற்றில் கெயின்ஸ் மறுபடியும் மட்டை பிடித்தான். அடித்தான், ஓடினான், அடுத்தவன் அடியில் மூன்றாம் பேஸ்வரை வந்துவிட்டான். வீட்டுக்குத் தொண்ணூறு அடி. கடைசி ஆள் பந்தை வானத்துக்கு அடித்தான், அது இறங்கிக் கோர்லிஸ்காரன் கையில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது, சீசன் முடிந்தது. எல்லோரும் மைதானத்துக்குள் ஓடி டாலிவரைத் தூக்கினார்கள். கெயின்ஸ் மூன்றாம் பேஸிலேயே நின்றுகொண்டிருந்தான். க்ருபிச்கா கொட்டகைக்குப் போய்ச் சுண்ணாம்பு மூட்டை மேல் உட்கார்ந்தார். அன்றைக்குக் கூட்டம் கலையவே வெகுநேரம் ஆயிற்று.

மேல் லீக்காரர் டாலிவரை எடுத்துக்கொண்டார். அடுத்த வசந்தத்தில் அவன் போனான், ஆறு வாரத்தில் திரும்பி வந்தான். அங்கே வீசுகிற வளைந்த பந்து அவனுக்குப் பிடிபடவில்லையாம். கெயின்ஸை யாரும் கூப்பிடவில்லை. அவன் பேரில் நூற்று இருபத்திரண்டு இருந்திருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று க்ருபிச்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் அப்படிச் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

அடுத்த வருடம் ஆற்றங்கரை லீகே நின்றுபோனது. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்துவிட்டது, மைதானத்துக்கு ஆள் வருவதில்லை. க்ருபிச்காவுக்கு எடைமேடை மட்டும் மிஞ்சியது. கோடையில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை, செக் நாட்டிலிருந்து வந்தவர்களின் மாதா கோயிலுக்குப் போவார், கடைசி பெஞ்சில் உட்கார்வார், பூசை முடிவதற்கு முன்பே எழுந்து வந்துவிடுவார். கூட்டத்தோடு நிற்காத பழைய பழக்கம். வானொலியில் ஆட்டம் கேட்பார். யாராவது வீட்டை நோக்கி ஓடிவருகிறான் என்று அறிவிப்பாளர் குரலை உயர்த்தினால் எழுந்துபோய் அணைத்துவிடுவார்.

1971ஆம் ஆண்டு மே மாதம், ஒமாஹா செய்தித்தாளில் ஒரு படம் வந்தது. இறைச்சி ஆலைத் தொழிலாளர்கள் வாசலில் கூடி நிற்கிறார்கள். கீழே பெயர்கள். இடமிருந்து நாலாவது, எமரி கெயின்ஸ். க்ருபிச்கா படத்தை வெட்டி மேசை இழுப்பறைக்குள் வைத்தார். நாலு மாதம் அது அங்கேயே கிடந்தது. செப்டம்பரில் ஒரு ஞாயிறு, கோயிலுக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போகாமல் பஸ் ஏறினார்.

தொழிற்சங்க அலுவலகத்தில் விலாசம் கொடுத்தார்கள். வடக்கு ஒமாஹாவில் ஒரு சின்ன மரவீடு. வாசலில் கெயின்ஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு நாற்காலியின் காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நாற்பத்து மூன்று வயது, தோள் அகன்று, தலை பாதி நரைத்திருந்தது. வந்தவரை ஏறிட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“முகமூடி இல்லாம உங்களை அடையாளம் தெரியாதுன்னு நெனச்சீங்களா?” என்றார்.

“நான் க்ருபிச்கா.”

“தெரியும். பிளேட் துடைச்சவர்.” கெயின்ஸ் சுத்தியலைக் கீழே வைத்தார். “அவ்வளவு சுத்தமா இருந்த பிளேட்டை அவ்வளவு நேரம் துடைச்ச மனுஷனை நான் அதுக்கு அப்புறம் பாத்ததே இல்லை.”

க்ருபிச்கா பஸ்சில் வரும்போது பேசவேண்டியதை எல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, “அவன் தொடலை” என்றார். “மூணு விரல் அகலம். நான் பாத்தேன். நீங்க சொன்னது சரி.”

“நான் சொன்னது சரின்னு எனக்குத் தெரியாதா?”

“இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தியிருக்கலாம். வார் அறுந்துபோச்சுன்னு சொல்லியிருக்கலாம். சிரிச்சாங்க. நான் முகமூடியை மாட்டிக்கிட்டேன்.”

கெயின்ஸ் குனிந்தார். ஆணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். அப்புறம், “இப்ப வந்து சொல்றீங்க. இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

“தெரியலை.”

“எனக்கும் தெரியலை.” கொஞ்சம் யோசித்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “லியோடா! இங்க வா. கையில மாவா? பரவாயில்லை, அப்படியே வா.”

அவர் மனைவி லியோடா கையைத் துணியில் துடைத்தபடி கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள். வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் வெள்ளைக்காரக் கிழவரைப் பார்த்ததும் முகம் இறுகியது. “யாரு இவரு? ஆலையிலிருந்தா?”

“இல்ல. கோர்லிஸ்ல அன்னிக்கி அம்பயரா இருந்தவரு.” கெயின்ஸ் க்ருபிச்காவைப் பார்த்தார். “அவகிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லுங்க.”

க்ருபிச்கா சொன்னார். பந்து எங்கே தெறித்தது, கால் எங்கே போனது, நடுவில் எவ்வளவு மண் தெரிந்தது, யார் என்ன சொன்னார்கள், தான் என்ன செய்யவில்லை என்பதுவரை.  வருடக்கணக்கில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

லியோடா கணவரைப் பார்த்தாள்.

“பதினேழு வருஷமா இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு என் காது தேஞ்சுபோச்சு” என்றாள். “சரிதான், ஆம்பளைங்க எல்லாருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும், சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். நெசமாவா எமரி?”

“எத்தனை தடவை சொன்னேன்!”

“சொன்னே. நான்தான் நம்பலை.” அவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். பிறகு க்ருபிச்காவிடம் திரும்பினாள். “எங்கேருந்து வர்றீங்க? எவ்வளவு நேரம் ஆச்சு?”

“வோல்காட்லேருந்து. பஸ்ல மூணு மணி நேரம், அம்மா.”

“மூணு மணி நேரத்து வழி. பதினேழு வருஷம் எடுத்துக்கிட்டீங்க.”

“ஆமா.”

அவள் உள்ளே போய்விட்டாள். க்ருபிச்கா தொப்பியை வைத்துக்கொண்டு கிளம்பினார். கெயின்ஸ் தடுக்கவில்லை. படியில் இறங்கும்போது, “பஸ் ஸ்டாண்டு வலது பக்கம்” என்று மட்டும் சொன்னார்.

அதோடு முடிந்தது என்றுதான் க்ருபிச்கா நினைத்தார். எடைமேடைக்குப் போனார், வந்தார். மனம் லேசாகிவிடும் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தார். அப்படி ஆகவில்லை. முன்னே இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது இப்போது மூன்று பேருக்குத் தெரியும், அவ்வளவுதான் மாற்றம். ஆனால் வானொலியில் ஆட்டம் வந்தால் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார்.

அடுத்த ஜூனில் லியோடாவிடமிருந்து கடிதம் வந்தது. தொழிற்சங்கத்தின் பிக்னிக்கில் வெட்டுப் பிரிவுக்கும் பொட்டலப் பிரிவுக்கும் ஆட்டம். அம்பயர் விஷயத்தில் வருடாவருடம் அடிதடி. “என் வீட்டுக்காரர் உங்களைக் கூப்பிடச் சொன்னார். அவரே எழுதமாட்டார். உருளைக்கிழங்கு சாலட்டும் வறுத்த கோழியும் இருக்கும்” என்று எழுதியிருந்தாள்.

க்ருபிச்கா பரணிலிருந்து பழைய மார்புக்கவசத்தை இறக்கினார். எலி ஒரு மூலையைத் தின்றிருந்தது. தைத்தார்.

பூங்காவில் இருநூறு பேர் இருந்தார்கள். கெயின்ஸ் எல்லோரிடமும், “இவர் கண்ணு நல்ல கண்ணு. வாய்தான் கொஞ்சம் லேட்டு” என்று அறிமுகம் செய்தார். நாலாவது சுற்றில் கெயின்ஸே மட்டை பிடித்தார். முழங்காலுக்கு மேலே வரும் பந்தை அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். மூன்றாவது பந்து முழங்காலுக்கு ஒரு விரல்கடை மேலே, பிளேட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு போனது.

“அவுட்” என்றார் க்ருபிச்கா.

“என்னது!” கெயின்ஸ் மட்டையைத் தரையில் போட்டார். “அது என் கணுக்காலுக்குக் கீழ போச்சு! யோவ், எனக்கு ஒண்ணு பாக்கி வச்சிருக்கிற ஆளு நீரு!”

“முழங்கால். அவுட்.”

“வயசாச்சு, கண்ணு போச்சு! லியோடா, பாத்தியா? இந்த ஆளையா கூப்பிடச் சொன்னேன்?”

“ஸ்ட்ரைக்தான், உக்காரு!” என்று லியோடா மரத்தடியிலிருந்து கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். முகத்துக்கு நேரே நின்று, பேர் தெரிந்து, ஒருவர் தன்னைத் திட்டுவது க்ருபிச்காவுக்கு அதுதான் முதல் தடவை.  முகமூடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

மாலையில் கெயின்ஸ் தன் காரில் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். வழியில் கேட்டார், “டாலிவர் எங்க இருக்கான் இப்ப?”

“கன்சாஸ்ல. சலைனா. டிராக்டர் பாகங்கள் விக்கிறானாம்.”

“அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. கூட்டம் எழுந்துடுச்சு, அவன் ஓடிட்டான்.”

“எழுதுங்க அவனுக்கு” என்றார் கெயின்ஸ். “எனக்காக இல்ல. சும்மா, அவன் என்ன சொல்றான்னு பாக்கணும்.”

க்ருபிச்கா நாலு வரி எழுதினார். மூன்று முறை கிழித்துவிட்டு எழுதினார். ஐந்து வாரம் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. முன்பக்கம் கோதுமை வயல் படம். பின்பக்கம் இரண்டே வரி.

“நான் தொட்டேன். வெஸ்.”

க்ருபிச்கா அதைச் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். மூன்று விரல் மண் அவர் கண்ணில் அப்படியே இருந்தது. அதே சமயம் சலைனாவில் ஒருவன் பதினெட்டு வருடமாகத் தன் பாதத்தில் அந்த பிளேட்டை உணர்ந்துகொண்டிருக்கிறான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. பொய் சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.

அட்டையை ஒமாஹாவுக்கு அனுப்பினார். கெயின்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். “நானா இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்” என்று சொல்லிச் சிரித்தார். 

அடுத்த வருடம் பிக்னிக் ஞாயிறன்று விடியும்போதே மழை. ஆட்டம் இல்லை என்று சொல்ல லியோடா கூப்பிட்டபோது அவர் ஏற்கெனவே பஸ் ஏறிவிட்டிருந்தார். நனைந்துகொண்டு போய் நின்றவருக்குக் கெயின்ஸின் சட்டை ஒன்றைக் கொடுத்தாள். தோள் இரண்டு விரல் பெரிதாக இருந்தது. சமையலறைக் கூரையில் ஒரு மூலை ஒழுகியது. கெயின்ஸ் நாற்காலி மேல் ஏறி நின்று ஓட்டையைத் தேட, க்ருபிச்கா கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னும் இடது பக்கம்” என்றார்.

“இதுவா?”

“இல்ல. இன்னும் கொஞ்சம். அதுதான்.”